பாடிக் கறக்கிற மாடு

அவைத் தலைவர் அய்யா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, காலையிலிருந்து முகாமில் ஊசி போட்டுவிட்டு மதியச் சோறுகூடச் சாப்பிடாமல் நேரே இங்கே வந்திருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே, பந்தலும் மோரும் தந்த பால் சங்கத்தாரே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக ஈரத்துண்டு போர்த்தியிருந்தால் இந்தச் சித்திரைக்கு இன்னும் பொருத்தம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டு மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

எந்த மாடு எந்தக் காலத்தைத் தாங்கும் என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. வெயில், வெள்ளம், குளிர் என்று மூன்றாகப் பேசுகிறேன். குளிருக்கு லடாக் வரைக்கும் போக வேண்டும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, அடிக்கடி சொல்வார்: “ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.” ஜெர்சி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் இருக்கிற ஒரு தீவிலிருந்து. கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் நெதர்லாந்துப் பக்கம். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சங்கடம் தொடங்கிவிடும். நிறையப் பால் கறக்க நிறையத் தின்ன வேண்டும். தின்றது வயிற்றில் நொதிக்கும்போது உள்ளேயே அடுப்பு எரியும். நம் காங்கேயத்தைப் பாருங்கள். வெளுத்த குட்டை மயிர் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அடியில் கறுத்த தோல். வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலுக்கு மேலாகவே இருப்பவை. உள்ளே எரிகிற அடுப்பும் சின்னது.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பா கடன் வாங்கி ஒரு சிந்து மாடு, அதாவது எங்கள் பக்கத்துப் பேச்சில் ஜெர்சிக் கலப்பு மாடு, பிடித்து வந்தார். பெயர் ராணி. தகரக் கொட்டகையில் கட்டினோம். ஒரு நாள் உச்சிவேளையில் நாக்கைத் தள்ளிக்கொண்டு நுரை கக்குகிறது. அம்மா மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வைத்த மறு நிமிடம் கரண்ட் போய்விட்டது! உடனே முறத்தை எடுத்து விசிற ஆரம்பித்தார். அப்பா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார். நான் சாக்கை நனைத்து நனைத்து முதுகில் போடுகிறேன். திண்ணையில் இருந்த அப்பாரு கேட்டார்: “ஏண்டா, மாட்டைப் புடிச்சயா, மாமியாரைப் புடிச்சயா?” அப்பா விடவில்லை: “எந்த மாமியார் நேரத்துக்கு எட்டு லிட்டர் கறக்கிறா?” முன்வரிசையில் இருக்கும் மாமியார்கள் மன்னிக்கவும். அப்பா சொன்னதும் நியாயம்தான். என் காலேஜ் பீஸ் ராணி கட்டியது. ராணி நுரை கக்கிய அதே வேளையில் எங்கள் காங்கேயம் மாடு மயிலை, வேலி கட்டிய மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெள்வேல மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் பங்காளிகள் அந்தக் கொறங்காட்டை மனை போட விற்றார்கள். மயிலையும் தகரத்தடிக்கு வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, காங்கேயம் மாடு, ராணிக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தாங்குகிற பலம் பாதி உடம்பில் என்றால் மீதி அந்த மரத்தடியில் இருந்தது. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், கோடையில் புல் காய்ந்த பிறகு உதிர்கிற வெள்வேலங்காய், இவ்வளவும் சேர்ந்துதான் காங்கேயம். பாடிக் கறக்கிற மாட்டுக்குப் பாட்டை நிறுத்திவிட்டு இனத்தைக் காப்போம் என்று மேடை போடுகிறோம்.

வெள்ளத்துக்கு உம்பளச்சேரி. டெல்டாவின் கடலோரச் சேற்றில் உழுது பழகிய குட்டை மாடு. 2018இல் கஜா புயல் கரை கடந்த வேதாரண்யம் அதன் சீமைதான். விரிவாகப் பேச ஆசை. ஆனால் அங்கேயும் முதல் கேள்வி மேய்ச்சல் எங்கே என்பதுதான் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரிலும் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. அதில் ஒரு மூலையில் குப்பை கொட்டுகிறோம், இன்னொரு மூலையில் யாரோ கல் நட்டிருக்கிறார்கள். மே 1 கிராம சபையில் அதை அளந்து வேலி போடத் தீர்மானம் வேண்டும். தலைவர் அம்மா தலையாட்டுகிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். கொறங்காடு வைத்திருப்பவர்களிடம் விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆளுக்கு நாலு வெள்வேல மரத்தையாவது வெட்டாமல் விடுங்கள்.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. லடாக் மாடு இன்னொரு நாள் வரும். மேய்ச்சல் புறம்போக்குக்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய மனு, மோர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டித்தான் வைத்திருக்கிறேன், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.