ஃபால்ஸ் கிரீக்கின் பிங்க் படகு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்குக் கையையும் தோளையும் பழையபடி இயக்கச் சொல்லித்தருவது என் அன்றாட வேலை. இன்று நான் பேசப்போவது ஒரு படகுப் போட்டியைப் பற்றி. கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரத்தின் நடுவே, ஃபால்ஸ் கிரீக் என்கிற கடற்கழியில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் டிராகன் படகுத் திருவிழா நடக்கிறது. அதற்கும் என் வேலைக்கும் நேரடியான தொடர்பு உண்டு. எங்கள் துறையில் பல காலம் யாரும் கேள்வி கேட்காமல் சொல்லிவந்த ஒரு தடை, அந்தத் தண்ணீரில்தான் உடையத் தொடங்கியது.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுமார் 40 அடி நீளம். முன்னால் டிராகன் தலை, பின்னால் வால். பெஞ்சுக்கு இரண்டு பேராக 20 பேர் துடுப்புப் போடுவார்கள். தலைப்பக்கம் ஒருவர் அவர்களைப் பார்த்து உட்கார்ந்து மேளம் அடிப்பார். வால்பக்கம் ஒருவர் நின்றபடி நீளமான துடுப்பால் படகை நேராகச் செலுத்துவார். நூறு பேருக்கு மேல் ஏறும் ஆலப்புழைச் சுண்டன் வள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இது சின்னப் படகாகத் தெரியும்.

துடுப்பு படகோடு பிணைக்கப்பட்டிருக்காது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி முன்னால் சாய்ந்து, தண்ணீரில் குத்தி இழுக்க வேண்டும். கைபலத்தால் மட்டும் இழுப்பவர் ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துபோவார். முதுகும் வயிறும் தொடையும் சேர்ந்து இழுக்க வேண்டும். முதல் பெஞ்சில் இருக்கும் இருவர் தாளத்தை வைப்பார்கள். மற்ற எல்லோரும் தங்கள் துடுப்பைப் பார்க்காமல், அந்த இருவரின் துடுப்பைப் பார்த்துத் தங்கள் துடுப்பை இறக்குவார்கள். நடு பெஞ்சுகளில் உடல் கனமும் பலமும் உள்ளவர்கள் இருப்பார்கள். அந்தப் பகுதிக்கு ‘இன்ஜின் ரூம்’ என்று பெயர். 500 மீட்டர் பந்தயத்தை நல்ல அணிகள் இரண்டு நிமிடம் சொச்சத்தில் முடித்துவிடுகின்றன. அந்தச் சில நிமிடங்களில் தோளும் மேல்முதுகும் ஓயாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தப் போட்டியின் வேர் சீனாவில் இருக்கிறது. கி.மு. 278 வாக்கில் ச்சூ யுவான் என்ற கவிஞர், நாட்டின் தலைநகரம் பகைவர் கையில் விழுந்த துயரத்தில் மிலுவோ ஆற்றில் இறங்கி உயிரை விட்டார் என்பது மரபுக்கதை. அவரைத் தேடி மக்கள் படகுகளில் விரைந்தார்களாம். மீன்கள் உடலைத் தீண்டாதிருக்க மேளம் அடித்து, சோற்று உருண்டைகளைத் தண்ணீரில் போட்டார்களாம். சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் அந்த விழா வருகிறது. போட்டிக்கு முன் டிராகனின் கண்ணில் சிவப்பு மையால் பொட்டு வைத்து அதற்கு உயிர் கொடுப்பதும் மரபு. 1976-இல் ஹாங்காங்கில் வெளிநாட்டு அணியையும் அழைத்துப் பந்தயம் நடத்தினார்கள். அதிலிருந்துதான் இது உலக விளையாட்டாக வளர்ந்தது.

வான்கூவருக்கு இந்தப் படகுகள் வந்தது 1986-இல். அந்த ஆண்டு ஃபால்ஸ் கிரீக் கரையில் எக்ஸ்போ 86 என்ற உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக ஹாங்காங்கிலிருந்து தேக்கு மரத்தில் செய்த டிராகன் படகுகள் கப்பலேறி வந்தன. கண்காட்சி முடிந்தது, படகுகள் அங்கேயே தங்கிவிட்டன. 1989 முதல் திருவிழா நடக்கிறது. இன்று அந்தக் கரையில் கண்ணாடிக் கோபுரங்களும் நடைபாதையும், கண்காட்சிக்காகக் கட்டிய பெரிய உருண்டைக் கட்டடமும் இருக்கின்றன. அதற்கு முன் அங்கே மரமறுக்கும் ஆலைகளும் ரயில் கிடங்குகளும் புகையும்தான். நகரத்தின் சைனாடவுனும் இந்தக் கழியின் ஓரத்தில்தான் உருவானது. 1907-இல் ஒரு வெறிக்கும்பல் அதன் தெருக்களில் புகுந்து சீனர் கடைகளை அடித்து நொறுக்கியது. 1923-இலிருந்து 1947 வரை சீனர்கள் கனடாவுக்குக் குடிவருவதையே சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். அந்தத் தெருக்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், எல்லா இனத்து மக்களும் டிராகன் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

சரி, இப்போது கைக்கு வருவோம்.

மார்பகப் புற்றுநோய் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவக்கூடியது. நிணநீர் என்பது உடல் திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர், அதை வடிகட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள் இவை. அதனால் அறுவை சிகிச்சையின்போது அந்த முடிச்சுகளையும் எடுக்க வேண்டிவரலாம், அல்லது அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டிவரலாம். கையிலிருந்து நிணநீர் வடியும் பாதை இதனால் அடைபடுகிறது. சிலருக்குக் கை வீங்குகிறது. மோதிரமும் வளையலும் இறுகும், ரவிக்கைக் கை ஏறாது, கை பாரமாகக் கனக்கும். லிம்ஃபெடிமா என்று மருத்துவத்தில் சொல்வது இதைத்தான். ஒரு தடவை நிலைத்துவிட்டால் அதை முற்றிலும் போக்குவது கடினம்.

இந்த வீக்கத்துக்குப் பயந்துதான் அந்தக் காலத்தில் மருத்துவர்கள் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அந்தக் கையால் கனம் தூக்காதே. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாதே. தோளுக்கு வேலை கொடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். வேலை செய்தால் கைக்கு ரத்த ஓட்டம் கூடும், அதோடு நிணநீரும் கூடும், வடிய வழியில்லாமல் வீங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஆதாரம் என்று காட்டத் தக்க ஆய்வு இருக்கவில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவரான டான் மெக்கென்சிக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. நிணநீரைத் தள்ள இதயம்போல ஒரு பம்பு கிடையாது, தசைகள் சுருங்கி விரியும்போதுதான் அது நன்றாக நகர்கிறது, அப்படியிருக்க படிப்படியாகக் கூட்டும் பயிற்சி எப்படிக் கெடுதலாகும் என்று அவர் கேட்டார். வாதம் செய்துகொண்டிருக்காமல் சோதித்துப் பார்க்க முடிவெடுத்தார். சோதிப்பதென்றால் மேல் உடலுக்குக் கடுமையான, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை வேண்டும். அப்படி ஒரு வேலை அவர் ஊரிலேயே, ஃபால்ஸ் கிரீக்கில் மிதந்துகொண்டிருந்தது.

1996 பிப்ரவரியில் 24 பெண்கள் முன்வந்தார்கள். எல்லோருமே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்கள். இளையவருக்கு 31 வயது, மூத்தவருக்கு 62. முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் மெல்ல மெல்லத் தயாரானார்கள், பிறகு படகில் ஏறினார்கள். மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் கூடவே இருந்து கைகளைக் கவனித்துவந்தார்கள். அந்த ஜூன் மாதத் திருவிழாவில் பிங்க் சட்டை போட்டுப் பந்தயத்திலும் இறங்கினார்கள். ‘அப்ரெஸ்ட் இன் எ போட்’, அதாவது ஒரே படகில் தோளோடு தோளாக, என்று அந்த அணிக்குப் பெயர். பருவம் முடிந்தபோது ஒருவருக்கும் புதிதாகக் கைவீக்கம் வந்திருக்கவில்லை. ஏற்கனவே வீக்கம் இருந்தவர்களுக்கும் அது கூடவில்லை. 1998-இல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் மெக்கென்சி இதை எழுதினார்.

24 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. அதை மட்டும் வைத்து உலகத்துக்கே மருத்துவ அறிவுரை சொல்ல முடியாது, யாரும் அப்படிச் செய்யவும் இல்லை. ஆனால் கேள்வி எழுந்துவிட்டது. அதன் பிறகு வேறு ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் ஏற்கனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாகும் நிலை அவர்களுக்குக் குறைவாகவே வந்தது, கையில் பலமும் கூடியது. கையைச் சும்மா வைத்திரு என்ற பழைய சொல் இப்படித்தான் மெல்ல வலுவிழந்தது.

உறவினர் வீட்டுக்குப் போன ஒரு ஜூன் மாதம் அந்தத் திருவிழாவைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடைகள், தோளில் ஏறி உட்கார்ந்த குழந்தைகள், ஒலிபெருக்கியில் ஓயாத குரல். ‘பாடில்ஸ் அப்’ என்ற கட்டளை வந்ததும் படகில் இருபது துடுப்பும் உயர்ந்து நிற்கும். பிங்க் படகுகள் வரும்போது நான் முகங்களைப் பார்க்கவில்லை. தொழில் பழக்கம், தோள்களைத்தான் பார்த்தேன். ஐம்பதும் அறுபதும் தாண்டிய பெண்கள். அறுவை நடந்த பக்கத்துத் தோள் முழுசாக உயர்ந்து, முழுசாக முன்னால் நீண்டு, தண்ணீரில் இறங்கியது. எங்கள் சிகிச்சை அறையில், சுவரில் விரலால் ஏறி அந்த உயரத்தைத் தொட வாரக்கணக்கில் போராடும் பெண்களை எனக்குத் தெரியும். அழுகை வந்தது, அழுதேன்.

பந்தயம் முடிந்ததும் அவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து, ஒருவர் படகை மற்றவர் கையால் பிடித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு பிங்க் நிறக் கார்னேஷன் பூவை உயர்த்திப் பிடித்து, இறந்துபோன தோழிகளை நினைத்துத் தண்ணீரில் விடுகிறார்கள். அந்த அணிகளில் நோய் திரும்பி வந்தவர்களும் உண்டு. அதை மறைக்காமல், எல்லோர் கண் முன்னாலும், வெற்றி தோல்வி அறிவிக்கும் அதே இடத்தில் நினைவுகூர்கிறார்கள். ‘அந்த நோய்’ என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லும் நம் வீடுகளை நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு படகு பெருகி இன்று பல நாடுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகளாகியிருக்கிறது. 2010-இல் அவற்றுக்கென ஓர் உலக அமைப்பும் உருவானது. 2018-இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், அர்னோ நதியில், நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் கூடின. சிங்கப்பூரிலும் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களின் அணி ஒன்று துடுப்புப் போடுகிறது.

நம் ஊரில் டிராகன் படகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். படகு வேண்டாம். இந்தியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆனாலும் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் குடம் தூக்காதே, துணி பிழியாதே, கையை மடியில் வைத்து உட்கார் என்று அன்போடு சொல்லிவிடுகிறோம். அன்புதான், ஆனால் தோள் இறுகிப்போகிறது. தலை சீவ முடியாமல், கொடியில் துணி போட முடியாமல் எங்களிடம் வருகிறார்கள். அக்கா, யார் சொன்னது அசைக்கக் கூடாது என்று கேட்டால், எல்லோரும்தான் சொன்னார்கள் என்பது பதில்.

திடீரென்று ஒரு நாள் அரிசி மூட்டையைத் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த 24 பேரும் முதல் நாளே படகில் ஏறிவிடவில்லை. தையல் ஆறும் காலத்தில் செய்யும் அசைவுகள் வேறு, பிறகு கூட்டும் பயிற்சிகள் வேறு. கையில் கனம் தெரிந்தாலோ, மோதிரம் இறுகினாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கைக்கும் தோளுக்கும் எந்தப் பயிற்சியை எந்த நாளில் தொடங்கலாம்? இரண்டு கையின் சுற்றளவையும் அறுவைக்கு முன்பே அளந்து குறித்துவைப்பது யார்? அந்த அளவு கையில் இருந்தால்தான், பின்னால் கொஞ்சம் வீங்கினாலும் எங்களால் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும். நன்றி, வணக்கம்.