கூட்டமா, கொண்டாட்டமா? கொண்டாட்டமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, யார் பேசினாலும் கைதட்டுவது என்ற பெருந்தன்மையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

அக்கம்பக்கத்தை ஒன்றுசேர்ப்பது கூட்டமா, கொண்டாட்டமா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கூட்டமே என்று அடித்துச் சொன்னார். விழா ஒருநாள் கூத்து, மறுநாள் மிஞ்சுவது குப்பைதான் என்றார். விழா வந்தால் சண்டையும் பின்னாலேயே வரும் என்றார். உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் தீராத பிரச்சினையே உலகத்தில் கிடையாது என்றார். இந்தக் கடைசி வரியை வீட்டில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று நான் கேட்கப் போவதில்லை. அவருடைய துணைவியார் இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அவர் சிரிக்கிற சிரிப்பே எனக்குப் போதும்.

சரி, பேசினால் தீரும் என்றே வைத்துக்கொள்வோம். பேசுவதற்கு யார் வருகிறார்கள்? அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எண்ணியே பார்த்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊர்களில் புதுவீடு கட்டுவது பற்றி நடந்த பொதுக் கூட்டங்களின் குறிப்பேடுகளை எடுத்து, பேசியவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பேசியவர்களில் வயதானவர்கள் அதிகம், ஆண்கள் அதிகம், சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம். அவர்கள் பேசியதில் பெரும்பங்கு ஒரே சொல்தான்: ‘கூடாது’.

ஆய்வே வேண்டாம், நடுவர் அவர்களே. நீங்கள் போன கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். போன முறை பேசிய அதே நாலு பேர்தான் இந்த முறையும் பேசுவார்கள். இரவு வேலைக்குப் போகிறவர் வந்திருக்க மாட்டார். கைக்குழந்தைக்காரி வந்திருக்க மாட்டார். வாடகைக்கு வந்து ஆறு மாதமானவர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று திரும்பிப் போயிருப்பார். கூட்டத்தில் பேசத் தெரிந்தவருக்கு மட்டும்தான் இடம். விழாவில் வாயே திறக்காதவருக்கும் இடம் உண்டு. நாற்காலி தூக்கலாம், விளக்கு கட்டலாம், குழந்தைகளை வரிசையில் நிற்க வைக்கலாம். இதில் கடைசி வேலைதான் இருப்பதிலேயே கஷ்டம்.

எதிரணியில் ஒரு நண்பர் பிரேசிலைக் காட்டினார். போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் மக்களே கூடிப் பேசி நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்தார்களே என்றார். அருமையான எடுத்துக்காட்டு. எனக்குத்தான் உதவுகிறது! அங்கே கூடியவர்கள் வெறும் கருத்துப் பரிமாற்றத்துக்குக் கூடவில்லை. எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை, எந்தத் தெருவுக்குச் சாலை என்று தீர்மானிக்கக் கூடினார்கள். கைக்கு வேலை இருந்தது, அதனால் வாய்க்கும் பொருள் இருந்தது. வேலை இல்லாமல் பேச்சு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வாட்ஸாப் குழுக்களே சாட்சி.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். உண்மைக் கதை. 1954ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலம். ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில், முசஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துவருகிறார். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள். இரண்டு அணியாகப் பிரிக்கிறார். ஒன்றின் பெயர் கழுகுகள், இன்னொன்று விரியன்கள் மாதிரி ஒரு பாம்புப் பெயர். கயிறு இழுக்கும் போட்டி முதலாகப் பல போட்டிகள். சில நாளிலேயே ஒருவர் கொடியை இன்னொருவர் எரிக்கும் அளவுக்குப் பகை முற்றிவிட்டது. பகையை மூட்டியாயிற்று, இனி அணைக்க வேண்டுமே! இரண்டு அணியையும் ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தார்கள். சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள். பட்டாசு கொளுத்தவும் விட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாட்டையே எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள்.

எதிரணித் தலைவர் துள்ளுகிறார். ‘பார்த்தீர்களா, படம் பார்த்தும் பட்டாசு வெடித்தும் சேரவில்லையே!’ என்று அவர் கண் சொல்கிறது. ஐயா, பொறுங்கள், கதை முடியவில்லை.

அடுத்து முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோனது. அதுவும் ஆய்வாளர்கள் செய்த ஏற்பாடுதான். இரண்டு அணியும் சேர்ந்து குழாய் வழியே தேடிப் போய்ப் பழுதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு நாள் சாப்பாடு வாங்கப் போகவேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்தார்களே, அதே கயிறு! அதை எடுத்து லாரியில் கட்டினார்கள். இரண்டு பக்கம் நின்று எதிரெதிராக இழுத்த அதே பையன்கள் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். முகாம் முடிந்தபோது ஒரே பேருந்தில் சேர்ந்து போக வேண்டும் என்று கேட்டது அந்தப் பையன்கள்தான்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நம் மொழி எப்போதோ சொல்லிவிட்டது. ஊர் கூடித் தேர் பார்ப்பது என்று சொல்லவில்லை. எங்கள் அணியின் வாதம் இந்த ஒரு வினைச்சொல்லில்தான் நிற்கிறது. காசு கொடுத்து மேடை போட்டு, வெளியிலிருந்து பாட்டுக்காரரைக் கூட்டிவந்து, எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுக் கலைகிறார்களே, அதை விழா என்று நாங்களும் சொல்லமாட்டோம். அதற்கு எதிரணி எவ்வளவு வேண்டுமானாலும் கல்லெறியட்டும், நானும் இரண்டு எடுத்துத் தருகிறேன். நாங்கள் சொல்வது தெருக்காரர்களே செய்கிற விழா. அதற்கு முந்தைய மூன்று வாரம் இருக்கிறதே, யார் பாடுவது, யார் கணக்கு வைப்பது, மழை வந்தால் என்ன செய்வது என்று, எதிரணி கேட்கும் உரையாடல் எல்லாம் அந்த மூன்று வாரத்தில் இனாமாக நடந்துவிடும்.

விழா சண்டையைக் கொண்டுவரும் என்றார்கள். சண்டைக்குப் பின்னால் பிறந்த ஒரு விழாவைச் சொல்லட்டுமா? லண்டனில் நாட்டிங் ஹில் பகுதி. 1958 ஆகஸ்டு கடைசியில் வெள்ளையின இளைஞர் கும்பல்கள் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களைத் தெருத்தெருவாகத் தாக்கின. கலவரம் அடங்கி ஐந்து மாதம். டிரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்ற பத்திரிகையாளர், 1959 ஜனவரி 30 அன்று ஒரு கரீபியத் திருவிழாவையே எடுத்துவிட்டார். கடுங்குளிர், தெருவில் ஆட முடியாது. அதனால் செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்துக்குள் நடந்தது. அந்த விழா மலரில் ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். மலர் விற்ற பணத்தில் ஒரு பங்கு, கலவரத்தில் சிக்கிய இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட உதவும் என்று. எந்த இளைஞர்களின் அபராதம்? கறுப்பின இளைஞர்கள், வெள்ளையின இளைஞர்கள், இரு தரப்பும்! எந்தச் சமாதானக் கூட்டத்துக்கு இந்த மனசு வந்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

அதோடு நிற்கவில்லை. 1966இல் அதே நாட்டிங் ஹில்லில் ரோன் லாஸ்லெட் என்ற பெண்மணி, அந்த வட்டாரத்துக் குழந்தைகளுக்காகத் தெருவிழா ஒன்று நடத்தினார். எஃகு மேளம் வாசிக்க வந்த ரஸ்ஸல் ஹெண்டர்சன் குழுவினர் ஒரே இடத்தில் நிற்காமல் வாசித்தபடியே நடந்தார்கள். அவ்வளவுதான், கூட்டம் பின்னாலேயே நடந்தது. திட்டம் போடாத ஊர்வலம். இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் கூடும் நாட்டிங் ஹில் கார்னிவலின் தெரு ஊர்வலத்துக்கு அதுதான் தொடக்கம்.

1976இல் அங்கே அடிதடி நடந்ததே என்று எதிரணி கேட்கும். நடந்தது. காவல்துறைக்கும் இளைஞர்களுக்கும் பெரிய மோதல். மறைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் விழா நடந்தது. சண்டை வந்த கூட்டத்துக்கு அடுத்த மாதம் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எதிரணி சொல்லட்டும்.

இனி ‘ஒருநாள் கூத்து’. 1995 ஜூலையில் சிகாகோவில் அனல் வீசியது. வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு வட்டாரங்களைப் பார்த்தார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் ஏழ்மை. இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள். சாவு மட்டும் வடக்கில் லட்சத்துக்கு 40, தெற்கில் 4. பத்து மடங்கு! தெற்கில் தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, கடைகள் திறந்திருந்தன, முதியவர்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள். வடக்கில் பாழடைந்த வீடுகள், வெற்று மனைகள். முதியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். தெற்கைக் காப்பாற்றியது விழா என்று நான் பொய் சொல்லமாட்டேன். தெருவுக்கு இறங்கி வருகிற பழக்கம் காப்பாற்றியது. அந்தப் பழக்கம் செத்துப்போன தெருவில் அதை மறுபடி எப்படி உண்டாக்குவது? சுற்றறிக்கை அனுப்பியா?

பாரிஸில் ஒரு மூதாட்டி தன் வீட்டுக்குள்ளேயே இறந்து, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். அந்த வட்டாரத்து மக்கள் பிரதிநிதி அடானாஸ் பெரிஃபான் அதைக் கேட்டுத் துடித்துப்போனார். 1999இல் அவரும் நண்பர்களும் தொடங்கியது அண்டைவீட்டார் விழா. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து, கட்டடத்தின் முற்றத்தில் சேர்ந்து உண்பது. ஒருநாள் கூத்துதான். ஆனால் முற்றத்தில் பெயர் தெரிந்த பாட்டியை மறுவாரம் காணவில்லை என்றால் கதவைத் தட்டுவோம். பெயர் தெரியாத கதவை யார் தட்டுவார்கள்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டீர்கள், பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி. இன்று இந்தக் கூடத்தில் நாம் நடத்துவது என்ன? இரண்டு அணி, வாதம், எதிர்வாதம். எதிரணி கேட்கும் உரையாடல் இதுதானே? இதையே ‘குடியிருப்போர் கருத்துக்கேட்புக் கூட்டம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால் நீங்கள் எத்தனை பேர் வந்திருப்பீர்கள்? பட்டிமன்றம் என்று ஒட்டினோம், உட்கார இடமில்லை!

மணி அடித்துவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க ஆள் வேண்டும் என்று அமைப்பாளர்கள் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பக்கத்திலேயே எதிரணித் தலைவர் பெயரையும் எழுதிவிட்டேன். வணக்கம்.