நன்றி நோட்டு: அந்த "ஏன்" வரியை விட்டுடாதீங்க

வணக்கம் மக்களே. நன்றி சொல்லத் தோணுற விஷயங்களை எழுதி வைக்கிற நன்றி நோட்டை ஜனவரி 1-ம் தேதி ஆரம்பிச்சு, பொங்கலுக்குள்ள மூட்டை கட்டி வெச்சவங்க எத்தனை பேர்? அந்த நோட்டைத் திறந்து பாருங்க. முதல் நாள் "குடும்பம், ஆரோக்கியம், வேலை". மறுநாளும் அதே மூணு. வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும்!

தப்பு உங்க மேல இல்ல. கிடைச்சது எதுவா இருந்தாலும் மனசு பழகிடும். 1978-ல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவுல லாட்டரி அடிச்சவங்களைக் கேட்டுப் பார்த்தாங்க. அக்கம்பக்கத்துக்காரங்களை விட அவங்க பெருசா சந்தோஷமா இல்ல. காலை டிபன், நண்பரோட அரட்டை மாதிரி சின்ன விஷயத்துல கிடைக்கிற சுகமும் அவங்களுக்குக் கம்மியாத்தான் இருந்துச்சு.

சரி, நோட்டுக்கு வருவோம். 40 பக்க நோட்டு ஒண்ணு போதும், டைரியெல்லாம் வேண்டாம். படுக்கறதுக்கு முன்னாடி 10 நிமிஷம், போன் அடுத்த ரூம்ல. அன்னைக்கு நல்லபடியா நடந்த 3 விஷயம் எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ, அது ஏன் நடந்துச்சுன்னு ஒரு வரி. எல்லாரும் சோம்பேறித்தனப்பட்டு விடுறது இந்த வரியைத்தான்.

எப்படின்னா, "ராத்திரி அரைச்சு வெச்ச மாவு பொங்கி வழியல. ஏன்? வெயில் காலத்துல பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதேன்னு எதிர் வீட்டு அக்கா சொன்னாங்க." பாருங்க, மாவுல ஆரம்பிச்சு ஒரு ஆள்கிட்ட வந்து நிக்குது. "ஆரோக்கியம்"னு எழுதினா இப்படி யாரும் வந்து நிக்க மாட்டாங்க.

முதல் 7 நாள் தினமும் எழுதுங்க. அமெரிக்க உளவியல் அறிஞர் மார்ட்டின் செலிக்மனோட குழு 2005-ல வெளியிட்ட ஆய்வுல இதே முறைதான். அதுல சந்தோஷம் கூடினது தெரிய ஆரம்பிச்சதே ஒரு மாசம் கழிச்சுதான். அதனால எட்டாவது நாளே "ஒண்ணும் மாறலையே"ன்னு தூக்கிப் போடாதீங்க. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயித்துக்கிழமைன்னு வெச்சுக்கோங்க. சோன்யா லுபோமிர்ஸ்கிங்கிற இன்னொரு உளவியல் அறிஞர் 6 வாரம் நடத்திப் பார்த்ததுல, வாரம் ஒரு தடவை எழுதினவங்களுக்குத்தான் பலன் கிடைச்சுது. வாரம் மூணு தடவை எழுதினவங்களுக்கு அது கடமையாப் போச்சு போல.

எழுத ஒண்ணுமே தோணலையா? திருப்பிப் போடுங்க. இந்த வேலை, இந்த சினேகிதம், இது கிடைக்காமப் போயிருக்க என்னென்ன வாய்ப்பு இருந்துச்சுன்னு எழுதுங்க. "நம்மள விடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேர்"னு மட்டும் எழுதாதீங்க. அது அடுத்தவங்க கஷ்டத்துல குளிர் காயுறது, நன்றி இல்ல.

இன்னொண்ணு. சம்பள பாக்கியைக் கேக்காம இருக்கறதுக்குப் பேரு போதுமென்ற மனசு இல்ல. பாக்கியைக் கேளுங்க, நோட்டும் எழுதுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்ல, எதுலயும் பிடிப்பில்லன்னா நோட்டை நம்பி உட்காராதீங்க. டாக்டரைப் பாருங்க, இல்லன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மனஸ் 14416-க்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது.

கடைசியா, "ஏன்" வரியில வந்த ஆள்கிட்ட அதை நேர்லயே சொல்லிடுங்க. "ரொம்ப நன்றி"ன்னு மொட்டையா சொன்னா அவங்களுக்குக் கூச்சமாயிடும். "அக்கா, நீங்க சொன்ன மாதிரி பாதிப் பாத்திரம்தான் ஊத்தினேன், மேடையில ஒரு சொட்டு வழியல"ன்னு சொல்லுங்க. கையில நாலு இட்லி இருந்தா இன்னும் நல்லது.