பணம் வந்த பிறகுதான் வேலை

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முடிய ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒரு மாநில அரசின் மானியப் பிரிவில் 17 ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் நான். வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் பணம் எப்படி வருகிறது, வந்த பிறகு அதை யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. இந்த அறையில் மாநில அரசுத் துறைகளில் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், சேவை அமைப்புகளின் போர்டில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள், வரி எல்லாரும்தான் கட்டுகிறோம். அப்படியும் இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 2023 நிதியாண்டில் ஃபெடரல் அரசு மாநிலங்களுக்கும் உள்ளூர் அரசுகளுக்கும் கொடுத்த மானியம் 1 லட்சம் கோடி டாலருக்கு மேல். மாநிலங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. அதில் பாதிக்கு மேல் மெடிக்கெய்ட், அதாவது ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு. மீதியில் பள்ளிக்கூடம், சாலை, குழந்தைகள் காப்பகம், முதியோர் சாப்பாடு என்று நூற்றுக்கணக்கான திட்டங்கள்.

மானியம் என்றதும் விண்ணப்பம் எழுதி, போட்டி போட்டு, ஜெயித்து வாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரிய தொகைகள் அப்படி வருவதில்லை. அவை சட்டத்தில் எழுதிய சூத்திரப்படி வருகின்றன. மாநிலம் ஒரு திட்ட அறிக்கை கொடுத்து ஒப்புதல் வாங்கினால் போதும். மெடிக்கெய்டில் மாநிலத்தின் தனிநபர் வருமானத்தைப் பார்த்து பங்கு பிரிக்கிறார்கள். மிசிசிப்பி ஏழை மாநிலம், அங்கே மருத்துவச் செலவில் ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 77 சென்ட் வாஷிங்டன் கொடுக்கிறது. கலிபோர்னியாவுக்கும் நியூயார்க்குக்கும் 50 சென்ட்தான், அதற்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் சொல்கிறது.

போட்டியில் வாங்கும் மானியங்கள் வேறு ரகம். அறிவிப்பு வரும், எஸ்எஃப்-424 என்ற படிவம், திட்ட விளக்கம், பட்ஜெட், எல்லாம் தயார் செய்து குறித்த தேதிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். விண்ணப்பிக்கும் அமைப்புக்கு 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளக் குறியீடு வேண்டும், ஃபெடரல் பதிவேட்டில் அதன் பதிவை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு துறையில் மூன்று மாதம் உட்கார்ந்து அருமையான விண்ணப்பம் எழுதினார்கள். கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னால்தான் பதிவு காலாவதியாகிவிட்டது தெரிந்தது. புதுப்பிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார், அவருடைய மின்னஞ்சலுக்கு வந்த நினைவூட்டல்களைப் படிக்க ஆளில்லை. அந்த வருஷம் அந்தப் பணம் போனது போனதுதான்.

சரி, கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே செலவு செய்ய முடியாது. பல மாநிலங்களில் சட்டமன்றமோ அதன் நிதிக் குழுவோ ஒப்புதல் கொடுத்தால்தான் ஃபெடரல் பணத்தைத் தொடலாம். அடுத்து மாநிலத்தின் பங்கு, அதை மேட்ச் என்போம், அதை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி. அதற்கு மேல் காலண்டர் சிக்கல்: ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, 46 மாநிலங்களில் ஜூலை 1-ல். ஆக ஒரே மானியத்துக்கு இரண்டு ஆண்டுக் கணக்கு. நாடாளுமன்றம் பட்ஜெட்டைத் தள்ளிப்போடும்போது மாநிலம் பாதி வருஷம் வரை எவ்வளவு வரும் என்று தெரியாமலே திட்டத்தை நடத்துகிறது.

எங்கள் பிரிவில் ஒரு மூத்த அம்மா இருந்தார்கள். யார் புது மானிய யோசனையோடு வந்தாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மூணு வருஷம் முடிஞ்ச பிறகு இந்த நர்ஸுக்குச் சம்பளம் யார் கொடுப்பா?" என்பதுதான். பலருக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். ஆனால் மானியம் முடிந்ததும் பூட்டப்பட்ட கிளினிக் வாசலில் வந்து நின்று திரும்பிப் போகும் நோயாளியை நேரில் பார்த்தவர் அவர்கள். நான் அந்தப் பிரிவில் கற்றதில் பாதி அந்தக் கேள்வியிலிருந்து கற்றது.

பணம் மொத்தமாக மாநிலத்தின் கணக்கில் வந்து உட்காருவதும் கிடையாது. தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் இழுக்க வேண்டும். 1990-ல் வந்த ஒரு சட்டப்படி முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டால் மாநிலம் வட்டி கட்ட வேண்டும், வாஷிங்டன் தாமதித்தால் வாஷிங்டன் வட்டி கட்ட வேண்டும். ஏற்கெனவே மாநிலம் தன் காசில் செய்துகொண்டிருந்த வேலைக்கு இந்தப் பணத்தைப் போட்டுவிட்டுத் தன் காசை வேறு பக்கம் திருப்பக்கூடாது என்று பல மானியங்களில் நிபந்தனை உண்டு. ஓர் ஊழியர் இரண்டு மானியத்தில் பாதிப் பாதி சம்பளம் வாங்கினால், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்பதற்கு உண்மையான பதிவு வேண்டும். எல்லா வாரமும் கச்சிதமாக 20 மணி, 20 மணி என்று எழுதிக்கொண்டு வந்தால் தணிக்கையாளர் அங்கேதான் முதலில் கை வைப்பார்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மாநிலம் இந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தானே செலவு செய்வதில்லை. கவுண்டிகள் எனப்படும் மாவட்ட அரசுகளுக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் சேவை அமைப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அவர்களை சப்ரெசிபியன்ட் என்போம், அதாவது நம்மிடமிருந்து வாங்கிச் செலவு செய்பவர்கள். ஃபெடரல் விதி இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: கொடுத்துவிட்டாலும் பொறுப்பு மாநிலத்துடையதுதான். கொடுக்கும்போது ஒவ்வோர் அமைப்பிலும் என்ன ஆபத்து இருக்கிறது என்று மதிப்பிட வேண்டும், அதற்கு ஏற்ப கண்காணிக்க வேண்டும், தப்பு தெரிந்தால் சரிசெய்ய வைக்க வேண்டும். மானியம் வாங்குவதில் மாநிலங்கள் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட இந்த வேலையில் காட்டுவதில்லை என்பதுதான் 17 வருஷம் பார்த்ததில் என் குறை. வாங்கினால் செய்தியில் படம் வரும். போய்ப் பார்ப்பதற்கு ஆள் சம்பளம், கார், பெட்ரோல் என்று செலவுதான்.

போய்ப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதியோர் மதிய உணவுத் திட்டம், ஒரு சின்ன ஊர். சாப்பிட வருபவர்கள் தினமும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊரிலிருந்து வந்த தாள்களை மேஜையில் பரப்பிப் பார்த்தால் பாதிக் கையெழுத்து ஒரே கை. ஒரே சாய்வு, ஒரே நீலப் பேனா, ஒவ்வொரு பெயரின் கடைசி எழுத்திலும் அதே சுழி. எனக்குப் பகீரென்றது. இல்லாத ஆளுக்குச் சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிறார்கள் என்றுதான் நினைத்தேன், கடிதம்கூடத் தயாராகிவிட்டது. ஆனால் அனுப்பும் முன் ஒரு நாள் பகல் பதினொன்றரைக்கு சொல்லாமல் போய் நின்றேன். கூடம் நிறைய ஆட்கள். தலையை எண்ணினேன், தாளில் வழக்கமாக வரும் எண்ணிக்கைக்கு ஒன்றிரண்டு கூடவே இருந்தது. வாசலில் சமையல்கார அம்மா ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, கை நடுங்குகிறவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் தானே எழுதிக்கொண்டிருந்தார். அதில் என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. பேருக்கு எதிரே ஒரு டிக், பக்கத்தில் எழுதியவரின் சுருக்கொப்பம் என்று மாற்றிக் கொடுத்தோம், பத்து நிமிட வேலை. அந்தக் கடிதம் போயிருந்தால் பணத்தை நிறுத்தியிருப்போம், அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு நின்றிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு நேர் எதிரானது மிசிசிப்பியில் நடந்தது. டானிஃப் என்று ஒரு மானியம் இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு உதவ 1996-ல் வந்த சட்டம். நாடு முழுக்க ஆண்டுக்கு 1,650 கோடி டாலர், அன்றிலிருந்து இன்றுவரை விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டவே இல்லை. இதை எப்படிச் செலவழிப்பது என்பதில் மாநிலங்களுக்கு மிகப் பெரிய சுதந்திரம். மிசிசிப்பிக்கு ஆண்டுக்கு 8.6 கோடி டாலர் வருகிறது. 2021 வரை அங்கே மூன்று பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு மாதம் அதிகபட்சம் 170 டாலர்தான் கொடுத்தார்கள், அதுவும் மிகக் குறைவான குடும்பங்களுக்கு. மீதிப் பணத்தில் பெரிய தொகையை, இந்த மானியத்தை நடத்தும் மாநிலத் துறை இரண்டு சேவை அமைப்புகளின் கையில் கொடுத்தது.

2019-ல் துறைக்குள்ளிருந்தே ஓர் ஊழியர் சந்தேகத்தை எழுப்பினார். மாநிலத் தணிக்கை அலுவலகம் உள்ளே போனது, 2020 பிப்ரவரியில் துறையின் முன்னாள் இயக்குநர் உட்பட ஆறு பேர் கைதானார்கள். அந்த மே மாதம் வந்த தணிக்கை அறிக்கை 9.4 கோடி டாலர் செலவைக் கேள்விக்குள்ளாக்கியது. அதில் 50 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகத்தில் வாலிபால் அரங்கம் கட்டப் போயிருந்தது. இந்தப் பணத்தில் கட்டடம் கட்டக்கூடாது, அதனால் வாடகை ஒப்பந்தம் என்று காகிதத்தில் காட்டியிருந்தார்கள். முன்னாள் இயக்குநர் 2022-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அங்கே ஒப்பந்தமும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. பதினொன்றரை மணிக்குப் போய் நின்று தலையை எண்ண ஆள் இல்லை. 170 டாலருக்காக விண்ணப்பம் போட்டு மறுக்கப்பட்ட ஒரு தாயை நினைத்துக்கொண்டு அந்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள், தூக்கம் வராது.

அந்த அறிக்கை வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1984-ல் ஒற்றைத் தணிக்கைச் சட்டம் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு ஃபெடரல் துறையும் தன் மானியத்துக்குத் தனித்தனியாகத் தணிக்கை கேட்கும், ஒரே அலுவலகத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இந்தச் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரே தணிக்கை என்று ஆக்கியது. ஆண்டில் 7.5 லட்சம் டாலருக்கு மேல் ஃபெடரல் பணம் செலவு செய்யும் அமைப்புக்கு அது கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் வரம்பை 10 லட்சமாக உயர்த்திவிட்டது. சின்ன அமைப்புகளுக்குச் செலவு மிச்சம், அது நல்லதுதான். ஆனால் தணிக்கை வலையிலிருந்து வெளியே போகும் அத்தனை அமைப்புகளையும் இனி மாநில ஊழியர்கள்தான் நேரில் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் கூட்டினார்களா?

மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. 2025 ஜனவரி 27 அன்று ஃபெடரல் பட்ஜெட் அலுவலகம் மானியப் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி ஓர் உத்தரவு போட்டது. மறுநாள் மாநிலங்களால் மெடிக்கெய்ட் பணம் எடுக்கும் தளத்துக்குள் நுழைய முடியவில்லை. 22 மாநிலங்கள் நீதிமன்றம் போயின, இரண்டே நாளில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த இரண்டு நாளும் என் பழைய சகாக்கள் தொலைபேசியை விட்டு நகரவில்லை. எந்தத் திட்டத்துக்குக் கையில் எத்தனை நாள் பணம் இருக்கிறது என்று சரியாகச் சொல்ல முடிந்த துறைகள் நிதானமாக இருந்தன, கணக்கை ஒழுங்காக வைக்காதவர்கள் திண்டாடினார்கள்.

போர்டில் இருப்பவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தில் புது மானியத்துக்குக் கை தூக்கும் முன், மாநிலத்திலிருந்து கடைசியாக யார் வந்து பார்த்தார்கள், என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். யாரும் வரவில்லை என்றால் நீங்களே அழையுங்கள்.

ஒற்றைத் தணிக்கை அறிக்கைகளை ஃபெடரல் அரசு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நம் மாநிலத்தின் அறிக்கையை இந்த மடிக்கணினியில் திறந்து வைத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கிறது, பயப்பட வேண்டாம், பின்பகுதியில் கண்டறிந்த குறைகள் என்று ஒரு பட்டியல் வரும், அதை மட்டும் பார்த்தால் போதும். போன வருஷமும் இதே குறை என்று எழுதியிருக்கும் இடங்களில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, வாருங்கள், பார்க்கலாம்.