விசாரிக்கப் போகிறவர்களுக்கு

(கிருஷ்ணகிரியில், பெங்களூரு மருத்துவமனை ஊழியத்துக்குப் பெயர் கொடுத்தவர்களிடையே பேசியது)

சபையாருக்கும் வாலிபத் தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் ‘அன்றாட விசாரணையில்’, அதாவது தினப்படிச் சாப்பாட்டுப் பங்கில், விட்டுப்போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது, ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். பெரிய பட்டணம், வேறு பாஷை, பந்தியில் விட்டுப்போன ஏழை. இது இன்றைக்குப் பெங்களூருவின் ஓசூர் ரோட்டில் நடக்கிறது.

இங்கிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். புற்றுநோய்க்குக் கித்வாய், மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் நிமான்ஸ் என்று பென்னாகரம், ஊத்தங்கரை, அஞ்செட்டிப் பக்கத்து ஜனங்கள் போகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடும். கூட வந்த அம்மாவுக்கு? கையில் ஒரு கட்டைப்பை, அதில் ஸ்கேன் கவர், ஒரு சேலை, தண்ணீர் பாட்டில். பையைத் தலைக்கு வைத்து வராந்தாவில் படுக்கிறார். கவர் மடங்கிவிடக் கூடாதே என்று அதை மட்டும் எடுத்து மார்போடு வைத்துக்கொள்கிறார். நம் ஊழியம் முதலில் அவருக்குத்தான்.

கஞ்சியிலிருந்து ஆரம்பிப்போம். 50 பேருக்கு ஆளுக்கு 200 மில்லி என்றால் 10 லிட்டர். கேழ்வரகு மாவு ஒரு கிலோ போதும். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, மீதித் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மெல்ல ஊற்றிக் கிண்டுங்கள். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக உருண்டை நிற்கும். அது வயிற்றைப் பிடிக்கும். சிறுதீயில் 15, 20 நிமிடம், பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வரும்வரை. உப்பு 50 கிராம்.

அடுப்பில் சரியான பதமாகத் தெரிகிற கஞ்சி, அங்கே போய்ச் சேரும்போது களியாகிவிடும். அதனால் நீர்க்கவே இறக்குங்கள். ஃபிளாஸ்க்கில் இரண்டு லிட்டர் வெந்நீர் தனியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குடம் வேண்டாம், மூடியுள்ள எவர்சில்வர் கேன்தான். மோரை வீட்டிலேயே கலந்துவிடாதீர்கள். மோர் சேர்த்த இளஞ்சூட்டுக் கஞ்சி போகிற வழியிலேயே புளித்துவிடும். நாலரைக்கு அடுப்பு, ஐந்தரைக்குப் புறப்பாடு. சூடு ஆறிக் கிடந்த மிச்சத்தை மதியத்துக்கு என்று வைக்கக் கூடாது, கொட்டிவிடுங்கள்.

இந்தக் கஞ்சி துணைக்கு இருப்பவர்களுக்கு மட்டும். நர்ஸைக் கேட்காமல் கட்டிலில் இருப்பவருக்கு ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டியவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டால் ஆபரேஷனே தள்ளிப்போகும். கீமோ எடுப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். வெளியில் வாங்கிய மோரும் வெட்டிய பழமும் ஆகாது. அன்பினால் கொடுத்ததுதான், ஆனால் காய்ச்சல் வந்தால் அவர் அல்லவா தாங்க வேண்டும்?

அடுத்தது மருத்துவமனைச் சீட்டு. கவுன்ட்டரில் கன்னடத்தில் சொல்லும் ‘நாளே பன்னி’, அதாவது நாளைக்கு வாங்க: இந்த இரண்டு வார்த்தையில் எத்தனை குடும்பங்கள் ஒரு நாள் கூலியை இழக்கின்றன! நம் மாவட்டத்தில் வீட்டிலேயே கன்னடம் பேசுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அதுவும் தேவன் கொடுத்த தாலந்துதான். ‘நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்தக் கவுன்ட்டர், என்ன காகிதம்?’ என்று கேட்டு, சீட்டின் பின்னால் தமிழில் எழுதிக் கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லா மருத்துவமனையிலும் செல்லாது. இங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டு அனுப்புவதே முறை.

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை; தர்மபுரிக்கு உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். இது தெரியாமலேயே முழு டிக்கெட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

நாம் ஓய்வாக இருப்பது ஞாயிறு, ஓ.பி. கவுன்ட்டர் திறப்பதோ திங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வேன் பிடித்துப் போனால் கஞ்சி கொடுக்கலாம், கையெழுத்து வாங்க முடியாது. பணி ஓய்வு பெற்ற ஐயாமார், அம்மாமார் திங்கள்கிழமையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ரத்ததானத்துக்கு மொத்தக் குழுவும் ஒரே நாளில் கை நீட்ட வேண்டாம். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். எல்லாரும் கொடுத்துவிட்டால் அடுத்த மாத அவசரத்துக்கு யார்? 12 தம்பிமார் இருந்தால் மாதம் நான்கு பேர். லெந்து நாட்களில் உபவாசத்தோடு போய்ப் படுக்காதீர்கள், மயக்கம் வரும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஜெபம்: ‘ஜெபிக்கட்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த முகம் சுளித்திருந்தாலும் உங்கள் முகம் மாறக் கூடாது. சரி என்றால் இரண்டு நிமிடம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். சுவிசேஷக் கைப்பிரதி வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். ‘நிச்சயம் குணமாகிவிடும், மாத்திரை எதற்கு’ என்று நம்மில் ஒருவர் சொன்னாலும் அவரை அடுத்த வாரம் அழைத்துப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மருந்தை நிறுத்தியவருக்கு வரும் கேட்டை நம்மால் திருப்ப முடியாது.

வர முடியாதவர் முந்தின இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா, போன வாரம் நாம் சொன்ன நேரத்தை நம்பி டீ வாங்காமல் காத்திருப்பார். இந்தச் சனிக்கிழமை நாலரைக்கு அடுப்பு மூட்ட இன்னும் இரண்டு பேர் வேண்டும். நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது.