ஆற்றில் இறங்கிய புல் வண்டி

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்து முடித்த 'தி ஹே வெயின்' (புல் வண்டி) என்ற ஓவியத்தைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஆழமில்லாத ஆற்றில் ஒரு வெறும் வண்டி நிற்கிறது. குதிரைகளின் கழுத்துப் பட்டையில் பளிச்சென்று சிவப்பு. இடப்பக்கம் ஒரு வீடு, கரையில் ஒரு நாய். வலப்பக்கம் தூரத்துப் புல்வெளியில் ஆட்கள் காய்ந்த புல்லை இன்னொரு வண்டியில் ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான், வேறு சம்பவம் எதுவும் கிடையாது. ஆனால் ஓவியத்தின் அகலம் 185 சென்டிமீட்டர், ஆறடிக்கு மேல்! அவ்வளவு பெரிய துணியில் புராணக் கதைகளையும் போர்களையும் வரைவதுதான் அன்றைய வழக்கம். அந்த மரியாதையை அவர் ஒரு வேலை நாளுக்குக் கொடுத்தார். இந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவர் அங்கே வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் மாவட்டங்களின் எல்லையில் ஓடும் ஸ்டவர் ஆற்றங்கரையில், ஃபிளாட்ஃபோர்டு மாவு ஆலை அவருடைய அப்பாவுக்குச் சொந்தம். படத்தில் உள்ள வீடு, பக்கத்தில் குடியிருந்த விவசாயி வில்லி லாட்டுடையது. இளம் வயதில் கான்ஸ்டபிள் அப்பாவின் காற்றாலையிலும் வேலை பார்த்தார். காற்றாலைக்காரனுக்கு வானத்தைப் பார்க்காமல் பிழைப்பு ஓடாதே! பின்னாளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் வரைந்து, சில படங்களின் பின்புறம் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைத்தார். மடையில் தப்பி ஓடும் தண்ணீரின் சத்தம், உளுத்த பலகை, வழுக்கும் கம்பம், செங்கல் சுவர், இவையெல்லாம் தனக்குப் பிரியம் என்று நண்பர் ஃபிஷருக்குக் கடிதம் எழுதினார்.

இந்தப் பெரிய ஓவியத்தை அவர் வரைந்தது லண்டனில், பழைய குறிப்புப் படங்களை வைத்துக்கொண்டு. வண்டியின் அமைப்பு பிசகக்கூடாது என்று ஊரிலிருந்த தம்பியிடம் கேட்டு, வண்டியை வரைந்து அனுப்பச் செய்தார். அந்த அக்கறைதான் அந்தச் சக்கரங்களில் தெரிகிறது.

1821-இல் ஓவியர்களின் அமைப்பான லண்டன் ராயல் அகாடமியின் கண்காட்சியில் இது விலை போகவில்லை. 1824-இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது, அங்கே தங்கப்பதக்கம். கான்ஸ்டபிளின் வண்ணங்களைப் பார்த்த பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா, தன்னுடைய பெரிய ஓவியம் ஒன்றிலேயே மாற்றங்கள் செய்தார். சொந்த நாட்டு அகாடமி அவரை முழு உறுப்பினராக ஏற்றது 1829-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டே மனைவி மரியா இறந்துவிட்டார். அந்தத் தாமதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஓவியம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதே அளவில் அவர் தீட்டிப்பார்த்த முன்னோட்டம் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. லண்டன் போகிறவர்கள் இரண்டையும் பாருங்கள். முன்னோட்டத்தில் கரையோரம் குதிரையில் ஒருவர் இருப்பார்; இறுதி ஓவியத்தில் அவர் இல்லை. அவரை எடுத்துவிட்டதால்தான் நம் கண் நேராக வண்டிக்குப் போகிறது.

நன்றி, வணக்கம்.