பொங்கலுக்குப் பிறகு காலியாகும் வகுப்பறை

தலைமை ஆசிரியர்களாக மலைக்குப் போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

அங்கே உங்களுக்கென்று தனி அறை இருக்காது. பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிதான். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், வகுப்போ ஐந்து. நீங்கள் கூட்டத்துக்கென்று மலையிறங்கினால், அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதனால் முதலில் பாடம் நடத்துங்கள். பதிவேட்டை மாலையில் எழுதிக்கொள்ளலாம்.

நான் வேலை பார்த்தது ஜவ்வாது மலையில். முதல் வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளியைத் திறந்தால், மூன்றாம் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். காய்ச்சலோ என்று ஊருக்குள் போனேன். வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு திண்ணையில் மட்டும் பாட்டி ஒருவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் காப்பிக்கொட்டை பறிக்கக் குடகுக்குப் போயிட்டாங்க சார்" என்றார், முறத்தை நிறுத்தாமலே. அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சேதி, எனக்கு மட்டும் தெரியவில்லை. அதுவரை நான் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசியதே இல்லை.

அடுத்த வருஷம் மார்கழியிலேயே வீடு வீடாகப் போனேன். யார் போகிறார்கள், பிள்ளையை யாரிடம் விடலாம் என்று கேட்டேன். ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேட்டு அலைந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களைப் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் அன்றைய கூலி போய்விடும். கொல்லை வேலை முடிந்து வந்த பிறகு கூடினோம். அப்புறம்தான் அம்மாக்கள் வாய் திறந்தார்கள். "வயசான அம்மா மூணு வேளை எப்படி சார் ஆக்கிப் போடும்?" என்றார் ஒருவர்.

மதிய உணவு காமராசர் காலத்தில், 1956-லேயே வந்துவிட்டது. காலை உணவுத் திட்டம் தொடங்கியது 2022-இல். அது எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு, அந்தச் சாமைப் பாட்டியே, "ராத்திரி ஒரு வேளைதானே, நான் பாத்துக்கறேன்" என்று பேத்தியை நிறுத்திக்கொண்டார்.

சரி, அப்படியும் சில பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். கூட்டிப்போகும் மேஸ்திரியின் போன் எண்ணை வாங்கி வையுங்கள். பேரை நீக்கிவிடாதீர்கள். திரும்பி வந்த அன்று, இத்தனை நாள் எங்கே போனாய் என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.